ஒரு தானியத்தின் எடை: பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கி மருந்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் நம்மில் பலருக்கு அரசர்களும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு சிட்டிகைத் தூளுக்கும் வரலாறு உண்டு. இன்று நாம் பார்க்கப்போவது, பிரிட்டனில் செய்யப்பட்ட பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் தோட்டாக்களில் எவ்வளவு மருந்து இட்டார்கள், அந்த அளவு ஏன் மாறியது, அதை யார் கண்காணித்தார்கள் என்ற செய்தி. துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அளவு தவறினால் உயிர் போகும் என்ற பாடத்தை இந்த வரலாற்றைப் போலத் தெளிவாகச் சொல்லும் வேறொன்றை நான் அறியேன். அந்தப் பாடம் தோட்டத்தில் வாழும் நமக்கும் வேண்டியதுதான்.

முதலில் எடையைத் தெரிந்துகொள்வோம். நம் பொற்கொல்லர்கள் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தார்கள். ஆங்கிலேயர்கள் அதுபோலவே ஒரு தானிய மணியை அடிப்படையாகக் கொண்டார்கள். அதன் பெயர் கிரெயின். கிரெயின் என்றால் தானியம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரைக் கிரெயின். ஒரு குன்றிமணி எடையில் சுமார் இரண்டு கிரெயின் அடங்கும். இவ்வளவு சிறிய எடையில்தான் துப்பாக்கி மருந்தை நிறுத்தார்கள். மருந்து மட்டுமன்றி ஈயக் குண்டையும் கிரெயின் கணக்கிலேயே குறித்தார்கள்.

பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் இருந்தது ஒரே ஒரு மருந்துதான். அதுவே கருமருந்து. வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் ஆகிய மூன்றின் கலவை அது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. அந்த வெடியுப்பு பிரிட்டனில் போதிய அளவு கிடைக்கவில்லை. அது வந்த இடம் இந்தியாவின் பீகார். பாட்னாவைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் மண்சுவர் ஓரத்திலும் மாட்டுக் கொட்டில் தரையிலும் வெள்ளையாகப் பூத்த உப்பைச் சுரண்டியெடுத்து, நீரில் கரைத்து, காய்ச்சி வடித்தவர்கள் நூனியா என்னும் சாதியைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளிகள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் படகில் ஏற்றிக் கங்கை வழியே கொண்டுபோய்க் கப்பலேற்றியது. ஆண்டுதோறும் 500 டன் வெடியுப்பை அரசுக்குத் தர வேண்டும் என்று 1693ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே கம்பெனிக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. சீமைத் துரைமார் யானை வேட்டைக்குச் சுமந்த மருந்தில் பெரும்பங்கு, பெயர் தெரியாத பீகார்க் கூலிகளின் உழைப்பிலிருந்து வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கருமருந்துக்கு வலு குறைவு. அதனால் பெரிய விலங்கை வீழ்த்தப் பெரிய குண்டும் நிறைய மருந்தும் தேவைப்பட்டன. இதற்கு நல்ல சான்று சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். அவர் 1840ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற தொழிலாளரிடம் ஒரு துப்பாக்கி செய்வித்தார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ. குண்டு 3 அவுன்சு. ஒரு தடவை சுட இட்ட மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஒரு அவுன்சு. இன்றைய கணக்கில் 28 கிராம். பேக்கர் 1846இல் இலங்கைக்குப் போய், பின்னர் நுவரெலியாவில் குடியேறி, அங்கே யானைகளை வேட்டையாடினார். தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கால்நடையாகவும் படகிலும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான்.

1850களில் வேறொரு எண்ணம் தோன்றியது. குண்டை இலேசாக்கி, மருந்தைக் கூட்டினால், குண்டு வேகமாகவும் நேராகவும் போகும் அல்லவா? ஜேம்ஸ் பர்டி என்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் 1856இல் இவ்வகைத் துப்பாக்கிக்கு எக்ஸ்பிரஸ் ரயிலின் பெயரைச் சூட்டினார். அதுமுதல் எக்ஸ்பிரஸ் துப்பாக்கி என்ற பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் பித்தளைக் கூட்டுத் தோட்டா வந்தபோது, புகழ்பெற்ற ஒரு தோட்டாவின் அளவு இது: குழலின் வாய் 0.450 அங்குலம், பித்தளைக் கூட்டின் நீளம் மூன்றேகால் அங்குலம், உள்ளே 120 கிரெயின் கருமருந்து. இந்தத் தோட்டாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

கருமருந்தில் இரண்டு பெரிய குறைகள் இருந்தன. எரிந்த பின் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கரியாகவும் நின்றுவிடும். சுட்டவனுக்கு முன்னால் வெண்புகை திரைபோல் எழும். புகை கலைவதற்குள் காயம்பட்ட புலி எந்தப் பக்கம் பாய்கிறது என்று தெரியாது. அடுத்து, குழலுக்குள் படிந்த கரியைக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

இதற்கு மாற்றை வேதியியல் தந்தது. பஞ்சை அமிலத்தில் நனைத்தால் அது வெடிபஞ்சாகிறது என்பது 1846இல் தெரியவந்தது. ஆனால் அதை அடக்கியாளத் தெரியவில்லை. 1847இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் நகர ஆலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். நெடுநாள் ஆராய்ச்சிக்குப் பிறகு, 1884இல் பிரான்சு நாட்டுப் பால் வியெய் புகையில்லா மருந்தைச் செய்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபல் தம் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1889இல் பிரிட்டனின் ஃபிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இருவரும் கார்டைட் என்ற மருந்தைக் கண்டனர். அது தம் கண்டுபிடிப்பின் நகல் என்று நோபல் தரப்பு வழக்குத் தொடுத்து, 1895இல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது.

கார்டைட் என்ற பெயர், கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் முக்கியச் சரக்குகள். அவற்றைப் பிசைந்து, துளையுள்ள அச்சில் இட்டு அழுத்தினால், நம் தாய்மார்கள் பிழியும் இடியாப்பம்போல் நூல்நூலாக வெளிவரும். அந்த நூல்களை அளவாக வெட்டி, கத்தையாகத் தோட்டாக் கூட்டுக்குள் நிறுத்தினார்கள். தூளாகவே மருந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரும் வியப்பு.

அதைவிட வியப்பு அதன் வலிமை. பிரிட்டிஷ் படையின் 0.303 அங்குலத் துப்பாக்கி 1888இல் ஏற்கப்பட்டபோது அதன் தோட்டாவில் சுமார் 70 கிரெயின் கருமருந்தை அழுத்தி வைத்தார்கள். சில ஆண்டுகளில் கார்டைட் வந்ததும் ஏறக்குறைய 30 கிரெயினே போதுமானதாயிற்று. பாதிக்கும் குறைந்த எடை. ஆனால் குண்டின் வேகமோ முன்னைவிட அதிகம்.

படைத் துப்பாக்கிப் பணியில் ஈடுபட்டவர்களில் ஜான் ரிக்பி ஒருவர். அவர் என்ஃபீல்டு அரசாங்கத் துப்பாக்கிச் சாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர். அவரே 1898இல் வேட்டைத் துப்பாக்கிக்கும் கார்டைட்டைக் கொண்டுவந்தார். எந்தக் கூட்டில் இட்டார் தெரியுமா? நான் மனத்தில் வைக்கச் சொன்னேனே, அதே 0.450 அங்குலம், மூன்றேகால் அங்குலக் கூட்டில்தான். 120 கிரெயின் கருமருந்து இருந்த இடத்தில் 70 கிரெயின் கார்டைட். அதாவது நாலரைக் கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. அந்தச் சிறு மருந்து 480 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் தள்ளியது. பேக்கர் ஒரு வெடிக்கு இட்ட மருந்தில் ஆறில் ஒரு பங்கு கூட இது இல்லை. இவ்வகைத் தோட்டாக்கள் நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்று பெயர் பெற்றன. இவற்றிலும் பெரியதான 0.577 அங்குலத் தோட்டாவில் 100 கிரெயின் கார்டைட்டும் 750 கிரெயின் குண்டும் இருந்தன.

நேயர்களே, ஆபத்து எங்கே வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். புதிய தோட்டாவும் பழைய தோட்டாவும் ஒரே நீளம், ஒரே பருமன். கருமருந்துக்காகச் செய்த பழைய துப்பாக்கியில் கார்டைட் தோட்டா சிக்கலின்றி நுழையக்கூடும். ஆனால் 0.450 நைட்ரோ தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்தில் எழும் அழுத்தம் சுமார் 17 டன். பழைய குழல் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. குழல் பிளந்தால் சுடுபவனின் கையும் கண்ணும் போகும். பக்கத்தில் நிற்பவனின் உயிரும் போகலாம். பக்கத்தில் நிற்பவன் யார்? பெரும்பாலும் இரண்டாம் துப்பாக்கியைச் சுமந்து நின்ற கூலியாள்தான்.

இந்த ஆபத்துக்குப் பிரிட்டன் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு செய்திருந்தது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் சோதனைச் சாலை அமைந்தது. புதிய துப்பாக்கி எதுவானாலும் விற்பனைக்கு முன் இந்தச் சாலைகளில் சோதிக்கப்பட வேண்டும். வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்தை இட்டு, துப்பாக்கியைப் பொருத்தி வைத்து, காப்பறைக்கு வெளியே நின்று சுடுவார்கள். தாங்கினால் குழலில் முத்திரை. தாங்காவிட்டால் அது இரும்புக் கழிவு.

கார்டைட் வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வேட்டைத் துப்பாக்கிக் குழலில் மருந்தின் பெயரையும் அளவையும் பொறித்தார்கள். ரிக்பியின் தோட்டாவுக்கான குழலில் ‘கார்டைட் 70 – 480 மேக்ஸ்’ என்றிருக்கும். எழுபது கிரெயின் கார்டைட்டும் நானூற்றெண்பது கிரெயின் குண்டும் இதன் உச்ச வரம்பு, இதற்கு மேல் போகாதே என்பது பொருள். எவ்வளவு சுருக்கமான எச்சரிக்கை பாருங்கள். துப்பாக்கி கை மாறினாலும், நூறு ஆண்டு கழிந்தாலும், இரும்பில் வெட்டிய அந்த வரி பேசிக்கொண்டே இருக்கும்.

பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்களையும் தோட்டா ஆலைகள் கைவிடவில்லை. கருமருந்தின் வேகமே வரும்படி குறைந்த அளவு புகையில்லா மருந்தை இட்ட தோட்டாக்களைத் தனியே செய்தன. ‘கருமருந்துக்கு நைட்ரோ’ என்பது அவற்றின் வழக்குப் பெயர்.

இன்னொரு சிக்கல் வெயில். கார்டைட் சூடேறினால் எரியும் வேகம் கூடி, அழுத்தமும் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் நன்றாக இருந்த தோட்டா, இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ வெயிலில் கிடந்த பிறகு சுடப்பட்டால் அளவு மீறிய வேலை செய்யும். பித்தளைக் கூடு விரிந்து குழலில் இறுகிக்கொள்ளும். அடுத்த தோட்டாவை இட முடியாது. எதிரே யானை நிற்கும்போது அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? எனவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைச் சில கிரெயின் குறைத்து இட்டார்கள். ஓர் ஊரில் சரியாக இருக்கும் அளவு மற்றோர் ஊரில் சரியாகாது என்பதை இதனால் அறிகிறோம்.

அரசாங்க ஆணையும் தோட்டாவின் அளவை மாற்றியது. 1907ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவில் 0.450 அங்குல வேட்டைத் துப்பாக்கிகளின் இறக்குமதியைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. படையின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கும் குண்டின் பருமன் அதுவே. வேட்டைத் தோட்டாவின் குண்டைக் கிளர்ச்சிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம். உடனே தொழிலாளர்கள் 0.465, 0.470, 0.475 என்று சற்றே பருத்த அளவுகளைச் செய்தார்கள். அவற்றுள் 0.470 மிகுந்த புகழ் பெற்றது. அதில் 75 கிரெயின் கார்டைட்டும் 500 கிரெயின் குண்டும்.

இனி இந்த மருந்தைச் செய்த கைகளைப் பார்ப்போம். தோட்டா உற்பத்தியில் பெயர் பெற்ற கைனாக் கம்பெனி 1862இல் பர்மிங்காமுக்கு அருகே விட்டனில் தொடங்கியது. அது அயர்லாந்தின் ஆர்க்லோ என்ற கடற்கரை ஊரில் 1895இல் கார்டைட் ஆலை அமைத்தது. முதல் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தனர். 1917 செப்டம்பர் 21ஆம் நாள் அங்கு ஏற்பட்ட வெடி விபத்தில் 27 பேர் மாண்டனர்.

ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் 1916 முதல் இயங்கிய அரசாங்க ஆலை ஒன்பது மைல் நீளம். அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கார்டைட் செய்தார்கள். அந்தக் கலவையைப் பார்த்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் அதைப் பேயின் கஞ்சி என்று வருணித்தார். கொண்டை ஊசி உராய்ந்து பொறி எழக்கூடும் என்பதால் பெண்கள் உலோகம் எதையும் அணிந்து உள்ளே செல்லக் கூடாது. நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறி இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் தலை பிளந்துவிடும்போல் வலிக்கும். அதே நைட்ரோகிளிசரினைத்தான் மிக மிகச் சிறிய அளவில் மாத்திரையாக்கி, நெஞ்சு வலிக்காரர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அளவு ஒன்றே மருந்துக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் கார்டைட் உண்டு. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903இல் பிரிட்டிஷ் அரசு கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. குளிர்ந்த மலைக்காற்று அதற்கு ஏற்றது. அந்த ஆலை இன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் அதில் உழைத்திருக்கிறார்கள்.

இத்துணை வலிமையை மனிதன் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தான்? 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியைக் குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் 1907இல் 0.500 அங்குலக் கார்டைட் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்புறக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டு பட்ட பழங்காயம் அது. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடியது. சரியாகச் சுடத் தெரியாத ஒருவன் கையில் இருந்த மருந்துக்கு, விறகு பொறுக்கவும் தழை வெட்டவும் போன ஏழைப் பெண்கள் பலியானார்கள்.

நம் மலாயாவிலும் இத்துப்பாக்கிகள் முழங்கின. ரப்பர்த் தோட்டக்காரரான தியோடர் ஹப்பேக் யானை, செலாடாங் எனும் காட்டெருது ஆகியவற்றின் வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதினார். அதே மனிதர் பிற்காலத்தில் விலங்குகளைக் காக்கும் தலைமைக் காவலரானார். அவர் பாடுபட்டு வாதாடியதன் பயனாக 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா உருவாயிற்று. அதுதான் இன்றைய தாமான் நெகாரா. நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவாகப் போய்வரும் அந்தக் காட்டின் பின்னால், துப்பாக்கியைக் கீழே வைத்த ஒரு வேட்டைக்காரரின் மனமாற்றம் இருக்கிறது.

1960களில் பிரிட்டனின் பெரிய ஆலை நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்களின் உற்பத்தியை நிறுத்தியது. பழைய துப்பாக்கிகள் மட்டும் மிஞ்சின. அப்போது ஒரு புதிய மயக்கம் தோன்றக்கூடும். குழலில் 70 என்று பொறித்திருக்கிறது. வேறு மருந்தை எடுத்து 70 கிரெயின் இட்டால் என்ன? கூடவே கூடாது. அந்த 70 கார்டைட்டுக்கு மட்டும் உரியது. வேகமாக எரியும் இன்னொரு மருந்தில் அதே 70 குழலைத் தூள் தூளாக்கிவிடும். பெயரில்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரு கரண்டி உப்பும் ஒரு கரண்டி மிளகாய்த்தூளும் குழம்பில் ஒன்றாகுமா?

நேயர்களே, நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகம் இருக்கிறது. களைக்கொல்லி இருக்கிறது, உரம் இருக்கிறது, காய்ச்சல் மருந்து இருக்கிறது. திராவகத்தை எவ்வளவு நீரில் கலப்பது என்பது அதன் கடுமையைப் பொறுத்தது. சென்ற மாதப் பீப்பாய்க்கு ஊற்றிய அளவு இந்த மாதப் பீப்பாய்க்குப் பொருந்தாமல் போகலாம். களைக்கொல்லியைச் சர்பத்துப் புட்டியில் ஊற்றிப் பெயர் எழுதாமல் அடுப்பங்கரையில் வைப்பது, கருமருந்துத் துப்பாக்கியில் கார்டைட்டை இடுவதற்குச் சமம். புட்டி ஒன்றாகத் தெரியும், உள்ளிருப்பது வேறு. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு எழுதாத பெயரை வாசிக்கத் தெரியாது. பொருளின் பெயர், அதன் அளவு, உச்ச வரம்பு ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளி போகும் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும்.

மாணவர்களுக்கு இன்னொரு சொல். மண் வெட்டும்போதோ ஆற்றோரத்திலோ பழைய தோட்டாவோ குண்டோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கல்லால் தட்டாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். போர்க்காலத்து மருந்து எண்பது ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கலாம். பெரியவர்களிடம் சொல்லிப் போலீசாருக்குத் தெரிவியுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றார்கள் நம் முன்னோர். நஞ்சாகவே பிறந்த பொருளுக்கு அந்த விதி இன்னும் கடுமையானது. அதைப் பர்மிங்காம் தொழிலாளி இரும்பில் பொறித்தான். நாம் ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வைப்போம்.